பாஸ்போர்ட் நகல் எத்தனை செல்போன்களில் இருக்கிறது? வடசென்னை வியாபாரிகளும் தகவல் பாதுகாப்புச் சட்டமும்

உம்ராவுக்குப் போக முடிவெடுத்த குடும்பம் முதலில் மண்ணடியிலோ ராயபுரத்திலோ உள்ள ஒரு டிராவல்ஸுக்குப் போன் போடுகிறது. மறுமுனையில் இருந்து வரும் பதில் நம்மில் பலருக்கு மனப்பாடம்: "பாய், எல்லாருடைய பாஸ்போர்ட் ரெண்டு பக்கம், போட்டோ, பான் கார்டு, ஆதார் எல்லாத்தையும் இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க." ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறோம்.

அந்த நம்பர் பெரும்பாலும் ஓர் ஊழியரின் சொந்த செல்போன். அவர் அதை அலுவலகக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். அங்கிருந்து விசா எடுத்துத் தரும் மொத்த ஏஜென்ட்டுக்குப் போகிறது. டிக்கெட் போடுபவருக்கு ஒரு நகல், குழுவை அழைத்துச் செல்பவருக்கு ஒரு நகல். உம்ரா முடிந்து ஊர் திரும்பி ஆறு மாதம் ஆன பிறகும் நம் வீட்டுப் பெண்களின் புகைப்படமும் பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் ஐந்தாறு செல்போன்களில் அப்படியே கிடக்கின்றன. ஊழியர் வேலையை விட்டுப் போனால் அவருடைய பாக்கெட்டிலேயே அவையும் போகின்றன.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பழக்கத்துக்குச் சட்டம் இப்போது ஒரு தேதி குறித்திருக்கிறது. உம்ரா டிராவல்ஸுக்கு மட்டும் அல்ல. ராஜாஜி சாலை கிளியரிங் ஏஜென்ட், எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் ஓட்டும் டிரான்ஸ்போர்ட் முதலாளி, திருவொற்றியூர் ரத்தப் பரிசோதனை நிலையம், மணலியில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் கைரேகை வருகைப் பதிவு வைத்திருக்கும் கான்ட்ராக்டர், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலை ஜவுளிக்கடை என எல்லோருக்கும் அந்தத் தேதி பொருந்தும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கு அது. அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாக ஆறு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 11 அன்று டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். சட்டம் வந்தும் விதிகள் இல்லாததால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அது ஏட்டிலேயே இருந்தது. 2025 நவம்பர் நடுவில் விதிகள் அரசிதழில் வந்தன.

விதிகள் மூன்று கட்டமாக அமலுக்கு வருகின்றன. தகவல் பாதுகாப்பு வாரியம் அமைப்பது தொடர்பானவை உடனே. ஒப்புதல் மேலாளர்கள் எனப்படும் இடைநிலை அமைப்புகளுக்கானவை ஓராண்டுக்குப் பிறகு. வியாபாரிகளாகிய நம் கடமைகள் பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு, அதாவது 2027 மே மாதத்தின் நடுவில்.

அதுவரை சும்மா இருக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்ற பிரிவு உண்டு. மருத்துவ விவரம், வங்கி விவரம், கைரேகை போன்றவற்றைக் கவனக்குறைவாக வைத்திருந்து ஒருவருக்கு இழப்பு ஏற்பட்டால் நிறுவனம் நஷ்டஈடு தர வேண்டும். அந்தப் பிரிவில் 'நிறுவனம்' என்பதற்குக் கூட்டு வியாபாரமும் தனிநபர் நடத்தும் கடையும் அடக்கம் என்று சட்டமே விளக்கம் தருகிறது. புதிய சட்டத்தின் கடமைகள் நடைமுறைக்கு வரும் வரை இது உயிரோடு இருக்கும்.

"நம்ம கடை சின்னதுதானே?"

இந்தச் சட்டம் பற்றிப் பேச்சு எடுத்ததும் நம் வியாபாரிகள் கேட்கும் முதல் கேள்வி இது. சில பிரிவுகளில் இருந்து சில வகை நிறுவனங்களுக்கு மத்திய அரசு விலக்கு அளிக்க முடியும். புதிதாகத் தொடங்கப்படும் ஸ்டார்ட்அப்களைச் சட்டம் உதாரணமாகச் சொல்கிறது. ஆனால் சிறு கடைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான விலக்கு சட்டத்தில் இல்லை. எத்தனை ஊழியர், எவ்வளவு வரவு செலவு என்று பார்த்து அது தொடங்குவதில்லை. ஒருவருடைய தகவலை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்பவர் யாரோ அவர்தான் பொறுப்பாளி.

எல்லை எங்கே என்பதையும் தெரிந்துகொள்வோம். நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருக்கும் பெயர்களை இந்தச் சட்டம் தொடாது. அந்தப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்தாலோ கம்ப்யூட்டரில் ஏற்றினாலோ தொடும். வீட்டுத் தேவைக்காக நாம் வைத்திருக்கும் உறவினர்களின் எண்களுக்கும் இது பொருந்தாது.

சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. மருந்துக் கடையில் ஒருவர் மருந்து வாங்கிவிட்டு, ரசீதை செல்போனுக்கு அனுப்பும்படி தானாக எண்ணைத் தருகிறார். ரசீது அனுப்ப அந்த எண்ணைப் பயன்படுத்துவதில் தவறு இல்லை, தனியாக ஒப்புதல் வாங்கவும் வேண்டாம். ஆனால் ரமலான் தள்ளுபடி விளம்பரம் அனுப்ப அதே எண்ணைப் பயன்படுத்தினால் அது வேறு நோக்கம். அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். அந்த எண்களைப் பக்கத்துக் கடைக்காரருக்குக் கொடுப்பது இன்னொரு நோக்கம்.

பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தகவலைக் கசியவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. கசிந்ததை மறைத்தால் 200 கோடி வரை. இந்த எண்களைப் பார்த்து யாரும் கடையை மூட வேண்டியதில்லை. இது உச்ச வரம்பு. தவறு எவ்வளவு பெரியது, எத்தனை நாள் நீடித்தது, எப்படிப்பட்ட தகவல், சேதத்தைக் குறைக்க என்ன செய்தார்கள், அபராதம் அவரை எப்படிப் பாதிக்கும் என்பதையெல்லாம் வாரியம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதாவது, விபத்து நடந்த பிறகு 'நாங்கள் என்ன ஏற்பாடு செய்திருந்தோம்' என்று காட்ட நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும். இல்லாதவர்தான் பயப்பட வேண்டும்.

சென்னையிலேயே நடந்தது

தகவல் கசிந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் தானியங்கி கணக்குகள் மூலம் யார் கேட்டாலும் கிடைப்பதாக 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பெயர், முகவரி, போன் எண், வரி விவரம், அடையாள அட்டை நகல், பரிசோதனை முடிவு, என்ன நோய் என்ற மருத்துவர் குறிப்பு வரை அதில் இருந்தன. மூன்று கோடிக்கும் மேற்பட்டோரின் விவரம் தன்னிடம் இருப்பதாக ஹேக்கர் சொல்லிக்கொண்டார்.

நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டெலிகிராம் மீதும் ஹேக்கர் மீதும் இடைக்காலத் தடை கிடைத்தது. கணக்குகள் முடக்கப்பட்டன, புதியவை முளைத்தன. நம் பாரிமுனையில் இருக்கும் அந்த நீதிமன்றம் இடும் உத்தரவுக்குச் சட்டத்தில் எடை உண்டு. ஆனால் ஏற்கெனவே பதிவிறக்கம் செய்தவரின் கம்ப்யூட்டரில் இருந்து ஒரு தாயின் மருத்துவ அறிக்கையை எந்த உத்தரவாலும் திரும்பப் பெற முடியாது. திருடுபோன நகை திரும்பக் கிடைக்கலாம். வெளியே போன தகவல் திரும்பாது.

நம் சமூகத்துக்கு இது இன்னும் வலிக்கும் விஷயம். 2021-ல் 'சுல்லி டீல்ஸ்', 2022 புத்தாண்டில் 'புல்லி பாய்' என்ற பெயர்களில் முஸ்லிம் பெண்களின் புகைப்படங்களை எடுத்து இணையத்தில் ஏலம் விடுவது போலக் காட்டி அவமானப்படுத்தினார்கள். அவை பெரும்பாலும் அந்தப் பெண்கள் சமூக ஊடகங்களில் தாங்களே வெளியிட்ட படங்கள். ஒருவர் தானே பொதுவில் வைத்த தகவலுக்கு புதிய சட்டம் பாதுகாப்புத் தராது. அந்தக் குற்றத்தை வேறு குற்றவியல் சட்டங்கள்தான் பார்க்க வேண்டும். ஆனால் உம்ரா விசாவுக்காகவும் திருமண வரன் பார்ப்பதற்காகவும் நம்பிக்கையோடு தனியாகக் கொடுக்கப்பட்ட படம் பொதுவில் வைத்த படம் அல்ல. அதை வாங்கியவருக்கு இந்தச் சட்டத்தின் முழுப் பொறுப்பும் உண்டு. வரன் தேடும் வாட்ஸ்அப் குழுக்களைத் தொழிலாக நடத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

துறைமுகம் கற்றுத்தந்த பாடம்

துறைமுகத் தொழிலில் இருப்பவர்கள் 2017 ஜூன் 27-ஐ மறந்திருக்க மாட்டார்கள். உக்ரைனில் வரிக் கணக்கு எழுதப் பலரும் பயன்படுத்திய ஒரு மென்பொருளின் அப்டேட்டுக்குள் 'நாட்பெட்யா' என்ற வைரஸை யாரோ நுழைத்துவிட்டார்கள். அந்த மென்பொருளை வைத்திருந்த நிறுவனங்களில் உலகின் மிகப்பெரிய கப்பல் நிறுவனங்களுள் ஒன்றான மெர்ஸ்க்கும் ஒன்று. சில மணி நேரத்தில் உலகெங்கும் அதன் கம்ப்யூட்டர்கள் அணைந்தன. மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமம் இயக்கும் முனையமும் முடங்கியது. கன்டெய்னர்களைக் கையால் எழுதிக் கையாள வேண்டியதாயிற்று. சுமார் 4,000 சர்வர்கள், 45,000 கம்ப்யூட்டர்களில் எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டி வந்தது. இழப்பு 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை என்று நிறுவனமே சொன்னது.

மெர்ஸ்க்கிடம் காவல் பலவீனமாக இருந்தது என்பது கதையின் பாதிதான். எதிரி முன்வாசலை உடைத்து வரவில்லை. நம்பி உள்ளே விட்ட கணக்கு மென்பொருளோடு வந்தான். 2024 ஜூலை கடைசியில் நம் நாட்டிலேயே இது நடந்தது. சி-எட்ஜ் என்ற தொழில்நுட்ப நிறுவனத்தின் மீது தாக்குதல் நடந்தபோது, அதன் சேவையை நம்பியிருந்த சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் தடைப்பட்டது. அந்த வங்கிகள் தாக்கப்படவில்லை. அவர்களுக்கு வேலை செய்துகொடுத்த நிறுவனம் தாக்கப்பட்டது.

இதை நம் அலுவலகத்தோடு பொருத்திப் பாருங்கள். கிளியரிங் அலுவலகத்தின் பில் மென்பொருளை வெளியாள் ஒருவர் தொலைவில் இருந்தே திறந்து சரிசெய்கிறார். பாஸ்வேர்டு அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும், போன வருடம் வேலையை விட்ட பையனுக்கும் தெரியும். ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுபவரிடம் வாடிக்கையாளர் பட்டியல் முழுதும் இருக்கிறது. அவரிடம் இருந்து கசிந்தால் யார் பொறுப்பு?

புதிய சட்டத்தின் 8-வது பிரிவு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. தகவலைச் சேகரித்தவரே பொறுப்பு. வேலையை யாரிடம் ஒப்படைத்தாலும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், வாரியத்தின் முன் நிற்க வேண்டியவர் நாம்தான். வெளியாளிடம் தகவலைக் கொடுக்கும்போது முறையான ஒப்பந்தமும் இருக்க வேண்டும். "ரொம்ப வருஷப் பழக்கம், நம்ம ஆளு" என்பது ஒப்பந்தம் ஆகாது.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

நோக்கம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பதுதான் சட்டத்தின் அடிப்படை. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு, பலர் தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடியது. அரசு சில காரணங்களுக்காகக் கேட்கக்கூடும் என்பதால் தகவலையும் அது கையாளப்பட்ட பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2025 விதிகள் சொல்கின்றன. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியில் இருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். சுங்கத் தரகர்கள் தங்கள் பதிவேடுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

ஆக, 'உம்ரா முடிந்தது, எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்' என்று சொல்ல முடியாது. 'எதையும் அழிக்க மாட்டேன்' என்றும் சொல்ல முடியாது. வைத்திருக்க வேண்டியது ஒரு நகல். அது பூட்டிய ஓர் இடத்தில், பொறுப்பான ஒருவர் கையில் இருக்க வேண்டும். மீதி ஐந்து செல்போன்களில் இருக்கும் ஐந்து நகல்களைக் கேட்பது எந்தச் சட்டமும் இல்லை. அவற்றுக்கு எந்த நியாயமும் இல்லை.

எவ்வளவு காலம் என்பதைவிட எத்தனை நகல், யார் கையில் என்பதே நாம் முதலில் கேட்க வேண்டியது. இந்த ஒன்றைச் சரிசெய்தாலே சட்டம் கேட்பதில் பாதியை முடித்த மாதிரி. இதற்குக் காசும் ஆகாது.

ஒப்புதல் என்பது கையெழுத்து மட்டும் அல்ல

ஒப்புதல் தாமாக, தெரிந்து, குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காகத் தரப்பட வேண்டும். எதற்குத் தேவையோ அதற்கு மேல் கேட்டு வாங்கிய ஒப்புதல் செல்லாது. இதற்கும் சட்டத்தில் உதாரணம் இருக்கிறது: மருத்துவ ஆலோசனைச் செயலி ஒன்று, சிகிச்சைக்கான தகவலோடு செல்போனில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்டு, வாடிக்கையாளர் சம்மதித்தாலும், எண்களுக்கான அந்தச் சம்மதம் ஏற்கப்படாது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, கொடுத்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும்.

நமக்குப் பயனுள்ள ஒரு பகுதி, மொழி பற்றியது. என்ன தகவல், எதற்கு என்று சொல்லும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். தமிழும் உருதுவும் அதில் உண்டு. மணலியிலும் எண்ணூரிலும் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தியும் வங்காளமும் ஒடியாவும் உண்டு. வேலை நிமித்தம் தொழிலாளியின் தகவலைப் பயன்படுத்த சில நேரங்களில் ஒப்புதல் தேவைப்படாது. ஆனால் அவருடைய கைரேகையைப் பத்திரமாக வைக்கும் கடமை அப்போதும் உண்டு. கைரேகை கசிந்தால் பாஸ்வேர்டு மாதிரி மாற்ற முடியாது.

ஆதார் விஷயத்தில் நாம் எல்லோருமே கை தாராளம். எதற்கெடுத்தாலும் ஜெராக்ஸ் கேட்கிறோம், கொடுக்கிறோம். 2018 செப்டம்பர் 26-ஆம் தேதித் தீர்ப்பில், தனியார் நிறுவனங்கள் ஆதாரை அடையாளத்துக்காகக் கேட்க வழிசெய்த பகுதியை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது. பிறகு, விருப்பப்பட்டுத் தருவதற்குச் சட்டத்திருத்தம் வழிவிட்டது. அடையாளம் தெரிந்தால் போதும் என்ற இடத்தில், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' போதும். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இலவசமாக எடுக்கலாம். கேட்கும் கடைக்காரரும் அதையே கேட்கட்டும்.

வெளிநாட்டு வியாபாரமும் இதையே கேட்கத் தொடங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2018 மே முதல் நடைமுறையில் உள்ளது. உம்ரா பயணிகளின் விவரம் போய்ச்சேரும் சவூதி அரேபியாவிலும் 2023 செப்டம்பரில் வந்த தனிநபர் தகவல் சட்டம் 2024 செப்டம்பர் முதல் முழுமையாக அமலாகிறது.

பள்ளிவாசல் கம்ப்யூட்டரும் இதில் வருமா?

வரும். லாபம் பார்க்கும் நிறுவனத்துக்கு மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சங்கம், அமைப்பு எல்லாம் அதில் அடக்கம். ஜமாஅத் குடும்பக் கணக்கெடுப்பு, பைத்துல்மால் உதவி பெறுவோர் பட்டியல், நிகாஹ் பதிவேடு ஆகியவை இன்று பல மஹல்லாக்களில் எக்செல் கோப்பாகவோ செயலியாகவோ மாறிவிட்டன. எந்த வீட்டில் வருமானம் இல்லை, எந்தப் பெண் விதவை, எந்தப் பிள்ளை கல்விக் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கிறான் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உதவி கேட்டு வந்தவரின் மானம் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. அது நிர்வாகிகளின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவது சட்டத்துக்கு முன்பே அமானிதத்துக்கு முரண்.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் தகவலுக்குப் பெற்றோரின் உறுதிசெய்யப்பட்ட ஒப்புதல் பொதுவாக வேண்டும். அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. டியூஷன் மையங்களும், பிள்ளைகளின் படத்தையும் மதிப்பெண்ணையும் போட்டு விளம்பரம் செய்பவர்களும் இப்போதே யோசிக்க வேண்டும்.

நம் குறையையும் சொல்ல வேண்டும்

நம்மிடம் இவ்வளவு கேட்கும் சட்டம் அரசிடம் அதே அளவு கேட்கவில்லை. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்புக்கும் மத்திய அரசு விலக்கு அளிக்கலாம். வாரிய உறுப்பினர்களை நியமிப்பதும் மத்திய அரசுதான். ஆனால் கசிவு அரசிடமும் நடக்கிறது. தமிழக ரேஷன் பயனாளிகளில் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியானதாக 2021-ல் பெங்களூருவைச் சேர்ந்த இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று அறிவித்தது. 2024 மே மாதம் தமிழகக் காவல்துறையின் முக அடையாள இணையதளத்திலேயே ஊடுருவல் நடந்தது. முகத்தை வைத்து அடையாளம் காணும் தொழில்நுட்பத்தால் யார் அதிகம் சந்தேகிக்கப்படுகிறார்கள் என்பது நமக்குத் தெரியாதது அல்ல.

இரண்டாவது குறை, பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கும் என்பது. புதிய சட்டத்தின் அபராதம் முழுவதும் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். தகவலை இழந்தவருக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. நஷ்டஈடு தந்துகொண்டிருந்த பழைய 43ஏ பிரிவும் நீக்கப்படுகிறது. இதன் அருமை நம் மாநிலத்துக்குத் தெரியும். வளைகுடாவில் வேலை பார்த்த தூத்துக்குடி வாடிக்கையாளர் ஒருவர் போலி மின்னஞ்சலில் பணத்தை இழந்தபோது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் தீர்ப்பு வழங்கும் அதிகாரியான மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர், 2010 ஏப்ரலில் வங்கி அவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவிட்டார். சாதாரண மனிதர் பெரிய வங்கியை எதிர்த்து நிற்க முடியும் என்று காட்டிய உத்தரவு அது. அந்த அதிகாரி இனியும் இருப்பார். ஆனால் தகவலைக் கவனக்குறைவாக வைத்ததற்காக 43ஏ-வின் கீழ் அவரிடம் நஷ்டஈடு கேட்கும் வழி அடைபடும்.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதோடு சேர்த்துச் செய்யப்பட்ட திருத்தம். அது ஏற்கெனவே அமலுக்கு வந்துவிட்டது. 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு எண்ணூரில் நிவாரணம் யாருக்குப் போனது என்று ஒருவர் கேட்டால், 'தனிநபர் தகவல்' என்று சொல்லி மறுப்பது இனி எளிது.

இந்தக் குறைகளை எதிர்த்துப் பேச வேண்டும். நம் மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டும். ஆனால் அரசு விலக்கு எடுத்துக்கொண்டது என்பதற்காக, நம்மை நம்பி ஆவணம் தந்தவருக்கு நாம் விலக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

நடந்துவிட்டால் என்ன செய்வது?

இப்போதே அமலில் உள்ள கடமை ஒன்று பலருக்குத் தெரியாது. 2022 ஏப்ரல் 28 அன்று வந்த செர்ட்-இன் உத்தரவுப்படி, இணையத் தாக்குதல் நடந்தது தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். கம்ப்யூட்டர் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். அதன் இலவச எண் 1800-11-4949.

புதிய விதிகள் அமலான பிறகு இன்னும் இரண்டு கடமைகள் சேரும். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் என்ன நடந்தது, அவர் என்ன செய்ய வேண்டும் என்று தாமதிக்காமல் சொல்ல வேண்டும். வாரியத்துக்கும் உடனே தெரிவித்து, 72 மணி நேரத்துக்குள் விரிவான அறிக்கை தர வேண்டும். 'வெளியே தெரிந்தால் பெயர் கெட்டுவிடும்' என்று மறைப்பதுதான் இனி பெரிய குற்றம்.

பணம் போய்விட்டால் உடனே 1930. இறக்குமதி செய்பவர்கள் ஒரு மோசடியை நன்றாக அறிந்துகொள்ள வேண்டும். பல ஆண்டுகளாகச் சரக்கு அனுப்பும் வெளிநாட்டு நிறுவனத்திடம் இருந்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த முறை புதிய கணக்கில் போடுங்கள்" என்று மின்னஞ்சல் வரும். முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். சில சமயம் அவர்களுடைய உண்மையான மின்னஞ்சலே திருடப்பட்டிருக்கும். கணக்கு மாற்றம் என்று வந்தால், நம்மிடம் ஏற்கெனவே உள்ள பழைய எண்ணில் கூப்பிட்டு, தெரிந்த குரலில் கேட்ட பிறகே பணம் அனுப்ப வேண்டும். மின்னஞ்சலில் உள்ள எண்ணில் கூப்பிட்டால் பயன் இல்லை.

இந்த மாதமே செய்யக்கூடியவை

1. ஒரு தாளில் எழுதுங்கள்: வாடிக்கையாளரிடமும் ஊழியரிடமும் என்னென்ன வாங்குகிறோம், எதற்கு, எங்கே இருக்கிறது, யார் கையில். தேவையில்லாததை இனி வாங்காதீர்கள்.

2. ஆவணம் வாங்க அலுவலகத்துக்கு என்று ஒரு தனி எண் வையுங்கள். ஊழியரின் சொந்த செல்போனுக்கு வர வேண்டாம். அலுவலகக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் செல்போனில் இருப்பதை அழித்துவிடுங்கள்.

3. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. வேலையை விட்டவரின் அனுமதியை அன்றே நீக்குங்கள்.

4. வாரம் ஒருமுறை முக்கியக் கோப்புகளைத் தனி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, கம்ப்யூட்டரில் இருந்து கழற்றி வையுங்கள். கழற்றி வைத்ததைத்தான் வைரஸ் தொடாது.

5. விசா ஏஜென்ட், மென்பொருள்காரர், கணக்கு எழுதுபவர் ஆகியோரிடம் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். வேலை முடிந்ததும் தங்கள் நகலை அழித்துவிட்டதாக அவர்கள் எழுதித் தரட்டும்.

6. கடையில் தமிழில் ஓர் அறிவிப்பு ஒட்டுங்கள்: என்ன தகவல் வாங்குகிறோம், எதற்கு, திருத்தவோ நீக்கவோ யாரைக் கேட்க வேண்டும். படிவத்திலும் அதே வாசகம் இருக்கட்டும். ஏற்கெனவே கையில் உள்ள பழைய வாடிக்கையாளர்களுக்கும் சட்டம் அமலானதும் இந்த அறிவிப்பைத் தர வேண்டும்.

7. தொழில் சங்கங்களும் ஜமாஅத்துகளும் வழக்கறிஞர் ஒருவரை அழைத்து ஒருமுறை உட்கார்ந்து பேசினால், ஒரு மாதிரிப் படிவமும் ஒரு மாதிரி ஒப்பந்தமும் பத்துக் கடைக்குப் போதும். ஒவ்வொருவரும் தனித்தனியே செலவழிக்க வேண்டியதில்லை.

வாடிக்கையாளராக இருக்கும் நம் குடும்பங்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை பாஸ்போர்ட் அனுப்பும் முன் டிராவல்ஸில் கேளுங்கள்: "பாய், இது யாருடைய நம்பர்? வேலை முடிஞ்சதும் அழிச்சிடுவீங்களா?" கேட்பதற்குச் சங்கடமாக இருக்கும். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆள் கேட்கும் முன்பே கடைக்காரர் பதில் தயாராக வைத்திருப்பார்.